தொண்ணூற்றாறு செட்டியார்

செஞ்சி கடைத்தெருவில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் உத்திராபதிச் செட்டியாரிடம் அரை லிட்டர் கடலை எண்ணெய் கேட்டுப் போகிறவர்கள் கையில் கொஞ்சம் நேரத்தையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். எண்ணெயை அளந்து ஊற்றுவதற்குள் ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசி முடித்துவிடுவார். அவர் வாய்க்குப் பயந்து எதிர்ச்சாரியில் பாக்கெட் எண்ணெய் வாங்கிக்கொண்டு நழுவுகிறவர்களும் உண்டு. ஆனாலும் கலப்படம் என்று அவர்மேல் யாரும் விரல் நீட்டியதில்லை. வாய்தான் நீளமே தவிர கை சுத்தம்.

கடைக்குப் பின்கட்டில் செக்கு. மாடு போய் மோட்டார் வந்து வெகுகாலம் ஆகிறது. வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். வல்லம் பக்கத்து மல்லாட்டையை வாங்கி, உடைத்து, காயவைத்து அதில் ஆட்டுவார். காலையில் எண்ணெய் தெளிந்ததும் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டு, கண்ணை மூடி நாக்கில் உருட்டி, அப்படியே விழுங்கிவிடுவார். துப்பமாட்டார். காறல் தெரிந்தால் அந்த எண்ணெய் கடைக்கு வராது. அவருடைய நைனா காலத்திலிருந்து வருகிற பழக்கம் இது. குழந்தை பிறந்த வீடு, சாவு வீடு எதற்குப் போய்விட்டு வந்தாலும் மறுநாள் காலை அந்தக் கரண்டி எண்ணெய் மட்டும் தவறாது.

உடம்பு மட்டும் என்றைக்குமே அவரோடு ஒத்துப்போனதில்லை. இளவயதில் வயிற்றுவலி வரும். சாப்பிட்டு எழுந்தால் மேல்வயிற்றில் பிடித்து முதுகுக்கு இறங்கும். சாக்கு மூட்டைமேல் குப்புறப் படுத்துக்கொள்வார். வாயு என்றார்கள், குடல் புண் என்றார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் மனைவி கண்ணம்மாளுக்குப் பெருங்காயம் கரைப்பதே வேலையாக இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியதும் வலி தானாக விட்டுப்போனது. செட்டியார் அதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டார். வலி விட்டால் வியாதியும் விட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

அடுத்து வருவது சொல்லக் கூச்சமான சமாச்சாரம். சொல்லாவிட்டால் கதை நகராது. ஐம்பத்தைந்து வயதுக்குமேல் அவர் கக்கூசுக்குப் போய்விட்டு வந்தால் தண்ணீர்மேல் எண்ணெய் மிதந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் பயந்திருப்பார்கள். செட்டியார் எண்ணெய்க்காரர். மிதப்பது எண்ணெய்தான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் மனிதர் பூரித்துப் போனார். நம் செக்கில் ஆட்டிய எண்ணெய் உடம்பில் ஒட்டாது, ருசியைக் கொடுத்துவிட்டு வந்த வழியே போய்விடும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். முழு வாழ்க்கையையும் எண்ணெயோடு கழித்த ஒருவருக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது.

கண்ணம்மாளுக்குக் கவலை. "சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குது. கழுத்தெலும்பு தெரியுது. பொழுது சாஞ்சா எதிர்ல வர ஆளு தெரியமாட்டேங்குது உங்களுக்கு. ஒரு தடவ டாக்டரப் பாருங்களேன்" என்பாள்.

"வயசானா எளைக்கத்தான் செய்யும். தொப்பை போட்டவன்லாம் நெஞ்சப் புடிச்சிகினு வுழறான். நான் வுழுந்தனா?" என்று அவள் வாயை அடைத்துவிடுவார்.

போன வருஷம் பொங்கல் கழிந்ததும் வியாபாரிகள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். கடைத்தெருவே வரிசையில் நின்றது. மறுநாள் முடிவு வந்தபோது ஜவுளிக்கடைக்காரருக்கு இருநூற்று நாற்பது, பாத்திரக்கடைக்காரருக்கு அதற்கும் மேலே. செட்டியாருக்குக் கொலஸ்ட்ரால் தொண்ணூற்றாறு.

முடிவைக் கொடுத்த லேப் பெண் சுவாதி, "ஐயா, இது ரொம்பக் கம்மியா இருக்குது. நீங்க ஒரு பெரிய டாக்டர்கிட்டக் காட்டிடுங்க" என்றாள். அவர் காதில் "கம்மி" என்பது மட்டும்தான் விழுந்தது. மற்றது அவருக்குத் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "தெனம் ஒரு கரண்டி பச்சை எண்ணெய் குடிக்கறேன். வடை, முறுக்கு ஒண்ணு வுடறதில்ல. எனக்குத் தொண்ணூத்தாறு. பாக்கெட் எண்ணெய் வாங்கறவனுக்கு எரநூத்துநாப்பது. வெத்தியாசம் எங்க இருக்குதுன்னு நீயே பாத்துக்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கடைத்தெரு அவருக்குத் தொண்ணூற்றாறு செட்டியார் என்று பெயரே வைத்துவிட்டது. கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் எதிர்ச்சாரியில் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள். செட்டியாருக்குக் கேலியும் இனித்தது.

அவர் பேச்சை எல்லோரையும்விட அதிகமாக நம்பியவன் தனகோட்டி. வல்லத்துக்காரன். செட்டியாரின் கடைக்கு மல்லாட்டை போடும் குடும்பம். சின்ன வயதில் அப்பாவோடு மூட்டை வண்டியில் உட்கார்ந்து வந்த நாளிலிருந்து பழக்கம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. வியாபாரத்துக்குச் செட்டியாரே, மற்ற நேரத்தில் நீ, வா, போ. தனகோட்டிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து, விழுப்புரத்தில் வைத்துப் பிழைக்க வைத்து அனுப்பியிருந்தார்கள். கொழுப்புக்கும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் மாத்திரைகள். எண்ணெய்ப் பலகாரம் கூடாது. அவன் மனைவி ராஜாம்பாள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். குழம்பில் எண்ணெய் நிறுத்தினாள், சாப்பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்து மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கிய பிறகுதான் எழுந்திருப்பாள்.

நாக்கு செத்துப் போயிருந்த மனிதனுக்கு செட்டியாரின் தொண்ணூற்றாறு தேனாக வந்து இறங்கியது.

"நெசமாவா சொல்ற? தெனமும் குடிக்கறியா?"

"நான் எப்பப்பா பொய் சொன்னேன். உன் மல்லாட்டை, என் செக்கு. இது உடம்புல தங்கவே தங்காது. நான் கண்ணால பாத்துகினு இருக்கறேன்."

"மாத்திரை?"

"நான் எந்த மாத்திரைய முழுங்கறேன்?"

மாத்திரையை நிறுத்து என்று உத்திராபதி ஒருநாளும் சொல்லவில்லை. பின்னாளில் இதை அவர் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். சொல்லிப் பார்த்தும் மனசு ஆறவில்லை. தனகோட்டி இரண்டு லிட்டர் எண்ணெய் வாங்கிக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து காலையில் ஒரு கரண்டி. கொஞ்ச நாளில் மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் போனது. ராஜாம்பாள் சண்டை போட்டாள், அழுதாள், பேசாமல் இருந்தாள். எதற்கும் அவன் மசியவில்லை.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், வெளிச்சம் மங்கிய நேரத்தில் செட்டியார் கடைப் படியில் காலை வைப்பதாக நினைத்து வெறும் காற்றில் வைத்தார். விழுந்தது சின்ன விழுகைதான். இடுப்பெலும்பில் விரிசல் விட்டுவிட்டது. இந்த விழுகைக்கா எலும்பு விடும் என்று சந்தேகப்பட்ட மகன் பாலமுரளி, அவரைப் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு டாக்டரம்மா. ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்தார், பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, பாத்ரூம் போனா தண்ணி மேல எண்ணெய் மாதிரி மிதக்குதா?"

செட்டியாருக்கு முகம் மலர்ந்தது. "ஆமாம்மா. நம்ம எண்ணெய் உடம்புல ஒட்டாது" என்று தன் கதையை முழுக்கச் சொன்னார். முகாமையும் தொண்ணூற்றாறையும் விடவில்லை.

டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"வயித்துக்குப் பின்னாடி கணையம்னு ஒண்ணு இருக்குது. நாம எண்ணெயோ நெய்யோ சாப்பிட்டா, அது குடலுக்குள்ள ஒரு சாறு விடும். அந்தச் சாறுல என்சைம்னு ஒண்ணு இருக்குது. அதுதான் எண்ணெயைச் சின்னச் சின்னதா உடைக்கும். உடைஞ்சதோட பித்தநீர் சேர்ந்தாத்தான் குடல் உறிஞ்சும். கொலஸ்ட்ராலும் அதோட சேர்ந்துதான் உள்ள போகணும். தனியா அதுக்கு வழி கிடையாது. உங்க கணையம் முழுக்கக் கல்லு. சின்ன வயசுல வந்த வலி அதுதான். வலி நின்னது குணமாகி இல்ல, அது காய்ஞ்சே போயிடுச்சு. சாறு வரலை. எண்ணெய் உடையலை. அதனால கொழுப்பும் போகலை, கொலஸ்ட்ராலும் போகலை, கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டிய வைட்டமினும் போகலை. எல்லாம் அப்படியே வெளியே வருது."

"அப்ப அந்தத் தொண்ணூத்தாறு?"

"அது நல்ல நம்பர் இல்லீங்க ஐயா. பட்டினி கிடக்கறவங்களுக்கு வர நம்பர்."

செட்டியாருக்குத் தன் செக்கு நினைவு வந்தது. செக்கில் உலக்கை இல்லாமல் மல்லாட்டையைக் கொட்டினால் நாள் முழுக்கச் சுற்றினாலும் ஒரு சொட்டு இறங்காது. தன் வயிற்றில் இத்தனை வருஷம் அதுதான் நடந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் எண்ணெய் ஊற்றியவனின் உடம்பு ஒரு சொட்டு எண்ணெய்க்கு ஏங்கிக் கிடந்திருக்கிறது. அதைத்தான் மேளம் கொட்டிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது.

அந்த அவமானம் ஓரளவு அடங்கிய பிறகுதான் தனகோட்டி நினைவு வந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். கணையம் விடாத சாற்றை அடைத்து வைத்திருக்கிற கேப்சூல். சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுப் பயனில்லை, சாப்பாட்டோடு சாப்பாடாக உள்ளே போக வேண்டும். ஒரு வேளை கூடத் தவறக்கூடாது, ஆயுசு முழுக்க. அதோடு வைட்டமின்கள். படுக்கையில் கிடந்து எழுவதற்குள்ளேயே கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. தண்ணீர்மேல் எண்ணெய் மிதப்பது நின்றது. அடுத்த பரிசோதனையில் கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது என்று டாக்டரம்மா சந்தோஷப்பட்டார்.

கடைத்தெருவில் கேட்டவர்களிடம் செட்டியார் இடுப்பு எலும்பைப் பற்றி மட்டும் சொன்னார். கணையத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேப்சூல் பட்டையைச் சட்டை ஜோபியில் மடித்து வைத்துக்கொண்டு, மத்தியானம் பின்கட்டில் செக்கின் மறைவில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"தனகோட்டி அண்ணங்கிட்டச் சொல்லிட்டீங்களா?" என்று கண்ணம்மாள் கேட்பாள்.

"வருவான் இல்ல, நேர்ல சொல்றேன். போன்ல சொல்ற விஷயமா இது."

"பாலமுரளி வண்டியில போய்ட்டு வாங்களேன். கூப்புடற தூரந்தானே."

"இடுப்பு இன்னும் சரியாவலடி."

இடுப்பு சரியாகிவிட்டிருந்தது. ஒரு வாரமாகக் கடைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார். சப்பைக்கட்டு என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ராஜாம்பாளே போன் செய்தாள். "அண்ணே, மூச்சு வாங்குதுங்கறாரு. வரப்பு மேல நடந்து வந்தாக்கூட ஒக்காந்துடறாரு. மாத்திரையத் தொடமாட்டேங்கறாரு. பையன் பார்த்திபன் சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. நாளைக்கு எண்ணெய் வாங்க அங்கதான் வராரு. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"நான் சொல்றேம்மா. நீ கவலப்படாத. கண்டிப்பா சொல்றேன்" என்றார் செட்டியார். அந்த நிமிஷம் அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் கடையில் தீபாவளிக் கூட்டம். பலகாரத்துக்குக் கடலை எண்ணெய், தலை முழுக நல்லெண்ணெய் என்று பாட்டிலும் தூக்குமாக ஆட்கள் படிவரை நின்றார்கள். தனகோட்டி தோளில் ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டையோடு வந்தான். செட்டியாருக்குப் பிடிக்குமென்று வயலில் முதலில் பிடுங்கியது. முகம் உப்பியிருந்தது. படி ஏறி வந்ததற்கே நெற்றியில் வேர்வை. வந்தவன் கூட்டத்தைப் பார்த்ததும் குஷியாகிவிட்டான்.

"பாத்துக்குங்கப்பா, இவருதான் தொண்ணூத்தாறு. பச்சை எண்ணெய் குடிச்சே இப்பிடி இருக்கறாரு. இப்பப் பாரு, சதை வேற போட்டுகினு இருக்குது" என்று அவர் தோளைத் தட்டினான். கூட்டம் சிரித்தது.

செட்டியார் அளவுக் குவளையைக் கீழே வைத்தார். "தனகோட்டி, மாத்திரைய வுட்டுடாதப்பா. ஒழுங்காப் போட்டுக்க" என்றார். குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது.

தனகோட்டி அவரை உற்றுப் பார்த்தான். "ராஜாம்பா போன் பண்ணாளா?"

"யாரும் பண்ணல. நானா சொல்றேன்."

"சரி, நீ இன்னா மாத்திரை முழுங்கற, அத சொல்லு. நீ முழுங்கனா நானும் முழுங்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். சிரிப்புக்கு அடியில் நிஜமாகவே ஒரு கேள்வி இருந்தது. மூச்சு வாங்குகிற மனிதனுக்கு உள்ளுக்குள் பயம் இல்லாமல் இருக்குமா. செட்டியார் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஜோபியில் கை விட்டு அந்தப் பட்டையை எடுத்துக் காட்டியிருந்தால் பேச்சே தேவைப்பட்டிருக்காது. ஜவுளிக்கடைக்காரர் வேறு வரிசையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சாரியிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நான் எதுக்குப்பா முழுங்கப்போறேன்" என்றார் உத்திராபதி.

"அப்படிச் சொல்லு" என்று தனகோட்டி மறுபடியும் தோளைத் தட்டினான். கடலை எண்ணெய் ஒரு டின், நல்லெண்ணெய் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டான். வல்லம் பஸ் வந்துவிட்டது என்று யாரோ சொல்ல, அவசரமாகப் படி இறங்கினான். பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனதைச் செட்டியார் பார்த்தார். கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது. அடுத்த ஆள் தூக்கை நீட்டிவிட்டான்.

தீபாவளி முடிந்து கூட்டம் ஓயட்டும், நானே வல்லத்துக்குப் போய்த் தனியாக உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன் என்று அன்றைக்கு அவர் முடிவு செய்தார். அவர் செய்த முடிவுகளில் இதுதான் நல்ல முடிவு. செய்த நேரம்தான் சரியில்லை.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் காலையில் மல்லாட்டைக் கொல்லையில் ஆட்கள் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கூலியாட்களுக்கு டீ வாங்கி வந்த தனகோட்டி தூக்கை வரப்பில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி வந்தபோது செட்டியார் காலை எண்ணெயை நாக்கில் வைத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் துப்பினார்.

வல்லத்தில் தனகோட்டியை வாசலில் பந்தலுக்கு அடியில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கிற நேரம். பங்காளிகள், சம்பந்திகள், வேண்டியவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து, கிண்ணத்து எண்ணெயில் விரலைத் தொட்டு அவன் உச்சியில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கிண்ணத்துக்குப் பக்கத்தில் பாட்டில் நின்றது. தீபாவளிக்குத் தலை முழுக வாங்கிக்கொண்டு போன அதே நல்லெண்ணெய். அரைப் பாட்டில் மீதம் இருந்தது.

செட்டியாரைப் பார்த்ததும் ராஜாம்பாள் ஓவென்று கத்தினாள். "அண்ணே, ஒங்களமாதிரி ஆவணும்னுதானே தெனம் குடிச்சாரு. நீங்களும் வையுங்கண்ணே, ஒங்க கையால வையுங்க."

பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். "கடைசிவரைக்கும் உங்க எண்ணெய்தான் செட்டியாரே. கொடுத்து வச்சவன்."

செட்டியார் விரலைத் தொட்டார். நாற்பது வருஷமாக எண்ணெயில் புழங்கிய கை. அன்றைக்கு அளவு தெரியாமல் எண்ணெயைத் தோய்த்து வைத்தது. தனகோட்டியின் நெற்றியில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. பார்த்திபன்தான் துண்டால் துடைத்தான்.

வீட்டுக்கு வந்து கண்ணம்மாளிடம் சொல்லி அழுதார். "ஏற்கெனவே ஒரு தடவ வந்த நெஞ்சு. முழுங்கியிருந்தாலும் போயிருக்கலாம். யாரால சொல்ல முடியும்" என்று அவள் தேற்றிப் பார்த்தாள். டாக்டரம்மாவைக் கேட்டிருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தப் பதிலில் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. செட்டியார்தான் அதற்குள் போகவில்லை.

கடையில் ஒரு மாற்றம் வந்தது. தொண்ணூற்றாறு என்று யாராவது ஆரம்பித்தால், "அது வியாதிப்பா. என் கணையம் செத்துப்போய் வந்த நம்பரு. நான் சொன்னத நம்பி யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா இன்னிக்கே எடுத்துப் போட்டுக்குங்க" என்பார். கூச்சமில்லாமல், எல்லோர் எதிரிலும். எண்ணெய் வாங்க வந்தவர்கள் விழித்தார்கள். சில பேர் எதிர்ச்சாரிக்கே திரும்பிப் போனார்கள். தீபாவளிக்கு முன்னால் எந்தக் கூட்டத்துக்குப் பயந்தாரோ, அந்தக் கூட்டம் இப்போது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இந்தத் தைரியம் ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்பதுதான் அவரை அரித்துத் தின்றது.

கருமாதிக்குப் போனார். கூட்டத்தில் பேச முடியவில்லை. அதன்பின் கொஞ்ச நாள் விட்டு, ஒரு மத்தியானம் தனியாக வல்லம் பஸ் ஏறினார். பார்த்திபன் வயல் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் ராஜாம்பாள் மட்டும் நடையில் உட்கார்ந்து, அடுத்த பட்டத்து விதைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தனகோட்டி பயிர் வைத்த மல்லாட்டை.

"வாங்கண்ணே" என்றாள். முறத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

செட்டியார் உட்கார்ந்தார். ஊரில் அவர் வாய்க்கு அஞ்சாதவர் இல்லை. இங்கே முதல் வார்த்தைக்கே திணறினார். கணையத்தைச் சொன்னார், சாறு வராததைச் சொன்னார், எண்ணெய் மிதந்ததைப் பெருமை என்று நினைத்ததைச் சொன்னார். ஆடி மாதத்திலேயே எல்லாம் தெரியும் என்பதையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே உடைத்தாள். ஓடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.

"அன்னிக்குக் கடையில இருந்து வந்து சிரிச்சிகினே சொன்னாரு" என்றாள் ராஜாம்பாள். "செட்டியாரு ஒண்ணும் முழுங்கலையாம், அவரு முழுங்கனா நானும் முழுங்கறேன்னுட்டு வந்தேன்னு. அந்தப் பேச்சு நடந்தப்ப, அந்த மாத்திரை ஒங்க ஜோபியில இருந்துதா அண்ணே?"

"இருந்துதும்மா."

அவள் கை நின்றது.

"முழுங்கியிருந்தா இருந்திருப்பாரா, எனக்குத் தெரியாது" என்றாள். "நீங்க எடுத்துக் காட்டியிருந்தா முழுங்கியிருப்பாரு. அது தெரியும்."

செட்டியார் தலையைக் குனிந்துகொண்டார். அவள் ஏசியிருந்தால், முறத்தை எடுத்து அடித்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் எழுந்து உள்ளே போனாள். இனி வரமாட்டாள், நாம் எழுந்து போக வேண்டியதுதான் என்று அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

ராஜாம்பாள் தட்டோடு வந்தாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த அப்பளம். தண்ணீர்ச் சொம்பையும் வைத்தாள்.

"வேணாம்மா. எனக்கு இறங்காது."

"சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டு சாப்புடாம போனா அவரு ஒத்துக்க மாட்டாரு. ஒக்காருங்க."

உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். குழம்பின்மேல் மினுமினுத்தது அவர் கடை எண்ணெய்தான். ஒரு வாய் வைத்தார். ராஜாம்பாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள், தனகோட்டிக்கு எதிரில் உட்காருவாளே அதே மாதிரி.

"மாத்திரை எங்க?"

செட்டியார் இடது கையால் ஜோபியிலிருந்து பட்டையை எடுத்தார். விரலில் பிரிக்க வரவில்லை. அவள் வாங்கிப் பிரித்து, கேப்சூலை அவர் உள்ளங்கையில் வைத்தாள். சொம்பை நகர்த்தினாள்.

"முழுங்குங்கண்ணே. நான் பாக்கணும்."

அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கண்ணீர் தட்டில் விழுந்தது. உள்ளே இறங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ராஜாம்பாள் முறத்தை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். செட்டியார் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.